ரூபிக்ஸ் கியூப் சேர்க்கப் பழகுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்கால வேளையில் திண்ணையில் உட்கார்ந்து கியூப் சேர்க்கச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும், அவர்களுடைய அப்பா அம்மா கேட்பதையும், கற்றுக்கொண்ட காலத்தில் விடை தெரியாமல் நானே தவித்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன். கடைசிக் கேள்வியைத் தவிர எல்லாமே 3×3 கியூபை, அதாவது ஒரு பக்கத்துக்கு மூன்று மூன்றாக ஒன்பது கட்டங்கள் உள்ள கியூபைப் பற்றியவை.

கே: ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாக்கிவிட்டேன். அடுத்த பக்கத்துக்குப் போனால் இது கலைந்துவிடுகிறது. எங்கே தப்பு?

ப: கியூபைக் கையில் எடுத்த எல்லோரும் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கியூபைப் பக்கம் பக்கமாகச் சேர்க்க முடியாது. சுவர் கட்டுவதுபோல அடியிலிருந்து வரிசை வரிசையாகத்தான் சேர்க்க வேண்டும்.

உங்கள் கண்ணுக்கு 54 வண்ணக் கட்டங்கள் தெரிகின்றன. ஆனால் அங்கே இருப்பவை 26 துண்டுகள்தான். நடுத்துண்டுகள் 6, அவற்றுக்கு ஒரே நிறம். விளிம்புத்துண்டுகள் 12, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிறம். முனைத்துண்டுகள் 8, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறம். வெள்ளையும் சிவப்பும் உள்ள விளிம்பு மொத்தக் கியூபிலும் ஒன்றே ஒன்று. அது உட்கார வேண்டிய இடமும் ஒன்றே ஒன்று.

நீங்கள் ஒன்பது வெள்ளைக் கட்டங்களையும் ஒரே பக்கம் கொண்டுவந்திருப்பீர்கள். இப்போது பக்கவாட்டைப் பாருங்கள். அந்த வெள்ளைத் துண்டுகளின் மற்ற நிறங்கள் பச்சை, ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று தாறுமாறாக இருக்கும். வெள்ளை சேர்ந்ததே தவிர, துண்டு எதுவும் தன் வீட்டுக்குப் போகவில்லை. வெள்ளைப் பக்கமும், அதை ஒட்டிய பக்கவாட்டு வரிசையில் மூன்று மூன்றாக ஒரே நிறமும் வந்தால்தான் முதல் வரிசை முடிந்ததாகக் கணக்கு.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் ஃபார்முலா, அதாவது எந்தப் பக்கத்தை எந்த வரிசையில் திருப்புவது என்ற பட்டியல், எதுவும் சொல்வதில்லை. வெள்ளை, சிவப்பு, பச்சை மூன்றும் உள்ள முனைத்துண்டைத் தேடச் சொல்வேன். பிறகு ஏதாவது ஒரு பக்கத்தை மெல்லத் திருப்பி, அந்தத் துண்டு எங்கே போகிறது என்று கண்ணாலேயே பின்தொடரச் சொல்வேன். பத்து நிமிடம் இதை மட்டும் செய்யுங்கள். நிறத்தைப் பார்த்த கண் துண்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டால் பாதிக் கியூப் புரிந்த மாதிரி.

கே: எல்லாம் கலைந்து கிடக்கும்போது எந்தப் பக்கம் எந்த நிறம் என்று எப்படித் தெரியும்?

ப: நடுத்துண்டைப் பாருங்கள். ஆறு நடுத்துண்டுகளும் உள்ளே இருக்கும் ஆறு கை கொண்ட அச்சில் மாட்டப்பட்டவை. நின்ற இடத்தில் சுழலுமே தவிர, ஒன்றை விட்டு ஒன்று நகராது. நடுவில் வெள்ளை இருந்தால் அது வெள்ளைப் பக்கம், அவ்வளவுதான். இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான கியூப்களில் வெள்ளைக்கு எதிரே மஞ்சள், நீலத்துக்கு எதிரே பச்சை, சிவப்புக்கு எதிரே ஆரஞ்சு. இதை மட்டும் மனதில் வையுங்கள், பிறகு தேடித் திருப்பிப் பார்க்கும் நேரம் மிச்சமாகும்.

கே: ஆர், யூ, எஃப் என்று எழுதியிருக்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்?

ப: கியூபை ஒரே மாதிரி பிடித்துக்கொண்டு எந்தப் பக்கத்தைத் திருப்புவது என்று சொல்லும் எழுத்துகள் அவை. டேவிட் சிங்மாஸ்டர் என்ற கணித அறிஞர் கொண்டுவந்த முறை, உலகம் முழுக்க இதுதான் புழக்கத்தில் இருக்கிறது. ஆர் வலது, எல் இடது, யூ மேல், டி கீழ், எஃப் உங்களைப் பார்த்த முன்பக்கம். எழுத்து தனியாக இருந்தால் கால் சுற்று வலஞ்சுழி. மேலே சின்னக் கோடு இருந்தால் கால் சுற்று இடஞ்சுழி, அதைப் 'பிரைம்' என்று வாசிப்பார்கள். பக்கத்தில் 2 இருந்தால் அரைச் சுற்று.

குழப்பம் வருவது வலஞ்சுழி என்ற சொல்லில்தான். அந்தந்தப் பக்கத்துக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்தால் எது வலஞ்சுழியோ அதுதான் கணக்கு. அதனால் ஆர் திருப்பும்போது முன்னால் தெரியும் வலது வரிசை மேலே ஏறும். எல் திருப்பும்போது முன்னால் தெரியும் இடது வரிசை கீழே இறங்கும். யூ என்றால் முன்னால் இருக்கும் மேல் வரிசை இடப்பக்கம் போகும். டி என்றால் கீழ் வரிசை வலப்பக்கம் போகும். இந்த நான்கையும் வாயால் சொல்லிக்கொண்டே கையால் செய்து பாருங்கள்.

கே: ஃபார்முலா மனப்பாடம் பண்ணாமல் முடியாதா?

ப: முடியும், ஆனால் நீண்ட நாள் ஆகும். கியூபைக் கண்டுபிடித்தவருக்கே அதைத் திரும்பச் சேர்க்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. தொடக்க முறைக்குத் தேவைப்படுவது ஏழு ஃபார்முலாதான், அதிலும் ஒன்று இன்னொன்றின் கண்ணாடிப் பிம்பம்.

மனப்பாடம் செய்வதற்கு முன்னால் அந்த ஃபார்முலா என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். பரணில் இருக்கும் அண்டாவை எடுக்க ஏணியைக் கொண்டுவந்து சாத்துகிறோம், ஏறி எடுக்கிறோம், பிறகு ஏணியை இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறோம். கடைசியில் வீட்டில் மாறியிருப்பது அண்டா மட்டும்தான். கியூப் ஃபார்முலாவும் அப்படித்தான். ஆர் என்று ஒரு வரிசையை மேலே தூக்குகிறீர்கள், யூ என்று ஒரு துண்டை உள்ளே தள்ளுகிறீர்கள், ஆர்' என்று தூக்கிய வரிசையைத் திரும்ப இறக்குகிறீர்கள். ஆர், யூ, ஆர்', யூ' என்ற நாலு திருப்பலை ஒரு துண்டின் மேல் கண் வைத்து மெதுவாகச் செய்து பாருங்கள், இந்தப் போக்குவரத்து தெரியும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். சேர்ந்திருக்கும் கியூபில் அதே நாலு திருப்பலை ஆறு தடவை செய்யுங்கள். நடுவில் கலைந்து, ஆறாவது தடவை முடியும்போது கியூப் பழையபடி சேர்ந்து நிற்கும். முதல் தடவை இதைப் பார்க்கும் பிள்ளையின் முகம் எனக்குச் சலித்ததே இல்லை.

கே: முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை வரிசையாகச் சொல்லுங்கள்.

ப: முதலில் பூ. மஞ்சள் நடுவை மேலே வைத்து, அதைச் சுற்றி நாலு வெள்ளை விளிம்புகளை இதழ்போலக் கொண்டுவாருங்கள். இதற்கு ஃபார்முலா இல்லை, தட்டுத்தடுமாறித்தான் வரும், வந்துவிடும். பிறகு ஒவ்வொரு இதழின் பக்கவாட்டு நிறத்தையும் அதே நிற நடுத்துண்டுக்கு நேராகக் கொண்டுவந்து, அந்தப் பக்கத்தை அரைச் சுற்று திருப்புங்கள். நாலும் முடிந்தால் அடியில் வெள்ளைக் கூட்டல் குறி வந்திருக்கும்.

இரண்டாவது, வெள்ளை முனைகள். வெள்ளை அடியிலேயே இருக்கட்டும். மேல் வரிசையில் வெள்ளை உள்ள முனையைத் தேடி, அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு நேர் மேலே, உங்களுக்கு முன்பக்கம் வலது மேல் மூலையில் நிறுத்துங்கள். ஆர், யூ, ஆர்', யூ' என்று, அது சரியாக உட்காரும் வரை செய்யுங்கள். வெள்ளை வலப்பக்கம் பார்த்தால் ஒரு தடவை, மேலே பார்த்தால் மூன்று தடவை, முன்பக்கம் பார்த்தால் ஐந்து தடவை. வெள்ளை முனை தப்பான இடத்தில் அடியில் மாட்டியிருந்தால் அதே நாலு திருப்பலால் வெளியே எடுத்துவிடலாம்.

மூன்றாவது, நடு வரிசை. மேல் வரிசையில் மஞ்சள் இல்லாத விளிம்பைத் தேடி, அதன் முன்நிறத்தை அதே நிற நடுத்துண்டோடு சேருங்கள். அது வலப்பக்கம் இறங்க வேண்டுமானால் யூ, ஆர், யூ', ஆர்', யூ', எஃப்', யூ, எஃப். இடப்பக்கம் என்றால் யூ', எல்', யூ, எல், யூ, எஃப், யூ', எஃப்'.

நான்காவது, மேலே மஞ்சள் கூட்டல் குறி. எஃப், ஆர், யூ, ஆர்', யூ', எஃப்'. மஞ்சள் நடு மட்டும் தனியாக இருந்தால் செய்துவிட்டுப் பாருங்கள். முழங்கைபோல வளைந்து இரண்டு விளிம்பு தெரிந்தால் ஒன்று பின்னாலும் ஒன்று இடப்பக்கமும் இருக்கும்படி பிடியுங்கள். கோடாக இருந்தால் கோடு இடமிருந்து வலமாகப் படுத்திருக்க வேண்டும். அதிகபட்சம் மூன்று தடவையில் கூட்டல் வந்துவிடும்.

ஐந்தாவது, அந்த மஞ்சள் விளிம்புகளின் பக்கவாட்டு நிறங்களைப் பொருத்துவது. மேல் வரிசையைத் திருப்பிப் பார்த்தால் நாலும் பொருந்தும், அல்லது இரண்டு மட்டும் பொருந்தும். நாலும் பொருந்தினால் இந்தக் கட்டமே வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு மட்டும் பொருந்தினால் அவற்றைப் பின்னாலும் வலப்பக்கமும் வைத்து ஆர், யூ, ஆர்', யூ, ஆர், யூ2, ஆர்', யூ. எதிரெதிரே இருந்தால் ஒரு தடவை செய்யுங்கள், அடுத்தடுத்து வந்துவிடும்.

ஆறாவது, மஞ்சள் முனைகளை அவற்றின் இடத்தில் வைப்பது. இங்கே மூன்று நிறமும் சரியான மூலையில் இருக்கிறதா என்பதே கேள்வி, மஞ்சள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது இப்போதைக்கு வேண்டாம். சரியாக இருக்கும் முனையை முன்பக்கம் வலது மேல் மூலையில் வைத்து யூ, ஆர், யூ', எல்', யூ, ஆர்', யூ', எல். எதுவுமே சரியில்லையானால் ஒரு தடவை செய்தபின் ஒன்று சரியாகும்.

ஏழாவது கட்டத்துக்குத் தனிக் கேள்வியே வைத்திருக்கிறேன்.

கே: கடைசி முனையைத் திருப்பும்போது கீழே சேர்ந்ததெல்லாம் கலைந்துபோகிறது. இத்தனை நேரம் பட்ட பாடு வீணா?

ப: வீணில்லை. தயவுசெய்து அந்த இடத்தில் கைவிட்டுவிடாதீர்கள்.

என் அக்கா மகளுக்கு எட்டு வயது. ஆறு கட்டத்தையும் தானே முடித்துவிட்டு ஏழாவதுக்கு வந்தாள். முன்பக்கம் வலது மேல் மூலையில் திருப்ப வேண்டிய முனையை வைத்து ஆர்', டி', ஆர், டி என்று ஒரு தடவை செய்தாள். அடி வரிசை கலைந்தது. "மாமா, கெட்டுப்போச்சு" என்று கியூபை மடியில் போட்டுவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. நான் அவள் கையை விலக்காமல், "மேலே மட்டும் பாரு, கீழே பாக்காதே" என்றேன். இரண்டாவது தடவை செய்ததும் அந்த முனையில் மஞ்சள் மேலே வந்தது. கீழே இன்னும் கலைந்துதான் இருந்தது. கியூபைத் திருப்பிப் பிடிக்காமல், மேல் வரிசையை மட்டும் சுற்றி அடுத்த முனையை அதே மூலைக்குக் கொண்டுவரச் சொன்னேன். அதற்கு நாலு தடவை வேண்டியிருந்தது. நாலாவதின் கடைசி டி திரும்பியபோது கீழ் வரிசைகள் அப்படியே கூடி நின்றன. மேல் வரிசையை ஒரு சுற்றுச் சுற்றிப் பொருத்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, கியூபைத் திருப்பித் திருப்பி ஆறு பக்கத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நடப்பது இதுதான். இந்த நாலு திருப்பல் மேல் வரிசையில் அந்த ஒரு மூலையை மட்டும்தான் தொடும், மற்ற எல்லா மாற்றமும் கீழே. இரண்டு தடவை செய்தால் அந்த முனை அதே இடத்தில் ஒரு திரும்பு திரும்பியிருக்கும், நாலு தடவை செய்தால் இரண்டு திரும்பு. ஆறு தடவை செய்தால் எல்லாமே பழைய நிலைக்கு வரும். ஒழுங்கான கியூபில் நாலு முனைகளுக்கும் சேர்த்து வேண்டிய தடவைகளின் கூட்டுத்தொகை எப்போதும் ஆறாகவோ பன்னிரண்டாகவோதான் இருக்கும். அதனால்தான் கடைசி முனை சரியாகும் அதே நொடியில் கீழே கலைந்ததும் சேர்ந்துவிடுகிறது.

இங்கே தப்பு நேர்வது இரண்டு விதத்தில். மஞ்சள் மேலே வந்த சந்தோஷத்தில் கடைசி டி-யைத் திருப்பாமல் விடுவது. அல்லது அடுத்த முனைக்குப் போகும்போது மேல் வரிசைக்குப் பதிலாகக் கியூபையே திருப்பிப் பிடிப்பது. இரண்டில் எது நடந்தாலும் முதலிலிருந்துதான்.

கே: எல்லாம் சரியாகச் செய்கிறேன், ஒரே ஒரு முனை மட்டும் திரும்பியே நிற்கிறது. நான் என்ன தப்பு செய்கிறேன்?

ப: தப்பு உங்களுடையது இல்லை, கியூபினுடையது. கீழே விழுந்தபோதோ, வேகமாகத் திருப்பியபோதோ ஒரு முனை தன் இடத்திலேயே முறுக்கிக்கொண்டிருக்கும். ஒற்றை முனை மட்டும் திரும்பிய நிலையைத் திருப்பல்களால் உண்டாக்கவும் முடியாது, சரிசெய்யவும் முடியாது. ஒரே ஒரு விளிம்பு தலைகீழாக இருப்பதும், மற்றதெல்லாம் சரியாக இருக்க இரண்டு துண்டுகள் மட்டும் இடம் மாறி இருப்பதும் அப்படித்தான். கியூபைப் பிரித்துக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டினால் அது சேரக்கூடிய கியூபாக அமைய பன்னிரண்டில் ஒரு வாய்ப்புதான்.

இது எனக்கே நடந்தது. திருவிழாக் கடையில் ஒரு கியூப் வாங்கினேன். மூன்று ராத்திரி அதோடு மல்லுக்கட்டினேன், என் மூளையில்தான் கோளாறு என்றே நினைத்துக்கொண்டேன். பிறகு வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு ஸ்டிக்கர்களின் ஓரம் மடிந்திருந்தது, யாரோ உரித்து மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். அதனால்தான் புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நாலைந்து தடவை கவனமாகச் செய்தும் அதே இடத்தில் நின்றால் கியூபைச் சந்தேகப்படுங்கள். முறுக்கிய முனையை விரலால் பிடித்துத் திருப்பிவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம், அதில் அவமானம் எதுவும் இல்லை.

கே: எத்தனை நாளில் கற்றுக்கொள்ளலாம்?

ப: தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் தாளைப் பார்க்காமல் சேர்க்கும் அளவுக்குப் பெரும்பாலானவர்கள் வந்துவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு கட்டம் போதும். அன்றைய கட்டம் வரை சேர்ப்பது, கலைப்பது, திரும்பச் சேர்ப்பது. நடு வரிசை கைக்கு வராமல் மஞ்சளுக்குப் போகவே வேண்டாம்.

கே: கியூபை எத்தனை விதமாகக் கலைக்கலாம்?

ப: 43,252,003,274,489,856,000 விதமாக. கோடியைக் கோடியால் பெருக்கி, வந்ததை மேலும் நாலு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் மடங்காக்கினால் ஏறக்குறைய இந்த எண் வரும். நொடிக்கு ஒரு நிலையாகப் பார்த்துக்கொண்டே போனால் இந்தப் பிரபஞ்சத்தின் வயதைப்போல நூறு மடங்கு காலம் ஆகும். ஆனால் இவற்றில் எந்த நிலையாக இருந்தாலும் 20 திருப்பலுக்குள் சேர்த்துவிடலாம் என்று 2010-இல் நிறுவிவிட்டார்கள். டோமாஸ் ரோகிக்கி என்ற கணினி நிபுணரும் இன்னும் மூவரும் கூகுள் நிறுவனத்தின் கணினிகளில் கணக்கிட்டுக் கண்டது அது. நம்முடைய தொடக்க முறையில் நூறு திருப்பலுக்கு மேல் ஆகும். அதனால் என்ன, நாம் தலைக்குள் வைத்திருப்பது ஏழே ஏழு ஃபார்முலாதானே.

கே: இதைக் கண்டுபிடித்தது யார்?

ப: ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் கட்டடக்கலை ஆசிரியராக இருந்த ஏர்னோ ரூபிக், 1974-இல். துண்டுகள் தனித்தனியே நகர வேண்டும், மொத்தமும் உதிர்ந்துவிடக் கூடாது, அதற்கு என்ன வழி என்ற கேள்வியில்தான் தொடங்கினார். முதல் மாதிரி மரத்தால் ஆனது. சில தடவை திருப்பிய பிறகுதான் தொடங்கிய இடத்துக்குத் திரும்பத் தனக்கே வழி தெரியவில்லை என்று கண்டார். அங்கே 'மாயக் கனசதுரம்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது, 1980-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று ரூபிக்ஸ் கியூப் என்று பெயர் மாற்றி உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது.

கே: எந்தக் கியூப் வாங்குவது?

ப: ஸ்டிக்கர் ஒட்டாத, பிளாஸ்டிக்கே நிறமாக இருக்கும் கியூப். உரியவும் உரியாது, யாரும் மாற்றி ஒட்டவும் முடியாது. கையால் இழுத்துத் திருப்ப வேண்டியிருக்கும் இறுக்கமான கியூபைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், மணிக்கட்டு வலித்து ஆசையே போய்விடும். உள்ளே சின்னக் காந்தம் வைத்த கியூப் கொஞ்சம் விலை கூட, ஆனால் வரிசைகள் தாமாகவே நேராக வந்து நிற்கும். வாங்கியது இறுக்கமாக இருந்தால் நடுத்துண்டின் மூடியைக் கழற்றுங்கள், உள்ளே திருகாணி இருக்கும். ஆறையும் ஒரே அளவு தளர்த்துங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து பிசுபிசுக்கும். கியூபுக்கென்றே விற்கும் சிலிகோன் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

கே: வீடியோவில் சில நொடிகளில் சேர்க்கிறார்களே, அது எப்படி?

ப: அவர்கள் முறை வேறு. முதல் இரண்டு வரிசைகளை முனையும் விளிம்புமாக ஜோடி சேர்த்து ஒன்றாக இறக்குவார்கள், கடைசி வரிசைக்கு மட்டும் 57-உம் 21-உமாக 78 ஃபார்முலாக்கள் கைவிரலில் இருக்கும். அந்த முறை ஜெசிகா ஃப்ரிட்ரிச் என்ற கியூப் வீராங்கனையின் பெயரோடு பரவியது. போட்டியில் கலைத்த கியூபைத் திருப்பாமல் பார்த்துவைக்க 15 நொடி கொடுப்பார்கள். ஐந்து தடவை சேர்க்க வேண்டும், மிக நல்லதையும் மிக மோசமானதையும் நீக்கிவிட்டு நடு மூன்றின் சராசரியைக் கணக்கில் எடுப்பார்கள். 1982-இல் புடாபெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியில் மின் தாய் என்ற அமெரிக்க மாணவர் 22.95 நொடியில் வென்றார். 2023-இல் மேக்ஸ் பார்க் என்ற அமெரிக்க வீரர் 3.13 நொடியில் முடித்தார்.

இது உங்கள் பிள்ளைக்கு அளவுகோல் அல்ல. தொடக்க முறையிலேயே பழகிப் பழகி ஒரு நிமிடத்துக்கு வந்துவிடலாம். வேகம் வேண்டுமென்றால் கையை விரட்டாதீர்கள். இந்தத் துண்டை வைக்கும்போதே அடுத்த துண்டு எங்கே என்று கண் தேடட்டும். நேரம் போவது திருப்புவதில் அல்ல, நின்று தேடுவதில்.

கே: செல்போனில் படம் பிடித்தால் விடை சொல்லும் செயலியைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

ப: கியூப் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்கக் கொடுங்கள், முனை முறுக்கியிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். சேர்க்கக் கொடுக்காதீர்கள். அது சொல்லும் இருபது திருப்பலில் எந்தத் துண்டு எதற்காகப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, பிள்ளை கற்றுக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

கே: 3×3 வந்துவிட்டது. அடுத்து எது?

ப: 2×2 எடுங்கள். அது முனைகள் மட்டுமே உள்ள கியூப். உங்களுக்குத் தெரிந்த இரண்டாவது, ஆறாவது, ஏழாவது கட்டங்களே போதும், அன்றைக்கே சேர்த்துவிடுவீர்கள். 4×4-இல் அசையாத நடுத்துண்டு கிடையாது. எந்தப் பக்கம் எந்த நிறம் என்று நீங்களே முடிவு செய்து நடுக்கட்டங்களைச் சேர்க்க வேண்டும். பிறகு விளிம்புகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்துவிட்டால் மீதி 3×3 போலத்தான் போகும். கடைசியில் ஒரே ஒரு விளிம்பு ஜோடி தலைகீழாக நின்றால் பயப்பட வேண்டாம். 3×3-இல் நடக்கவே நடக்காத அந்த நிலை 4×4-இல் இயல்பாக வரும், அதற்கென்று தனி ஃபார்முலா உண்டு.